கணித வாசகர் வட்டம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் சாருக்கும், ஞாயித்துக்கிழமை காலைல தவறாம வந்து உக்காந்த அத்தன பேருக்கும் மொதல்ல நன்றி.

இந்த வருஷம் ஒரே விஷயம்தான் எடுத்தோம், டிஸ்ட்ரிபியூஷன்ல மதிப்பு எடுக்குற ஸ்டோகாஸ்டிக் ப்ராசஸோட (நேரம் போகப்போக தற்செயலா மாறிக்கிட்டே இருக்குறதோட) வீக் கன்வர்ஜென்ஸ், அதாவது அதோட நிகழ்தகவுப் பரவல் ஒரு எல்லைக்குக் குவியுறது. ஆரம்பத்துல பேருலயே தகராறு, நிகழ்தகவுல சொல்ற டிஸ்ட்ரிபியூஷன் வேற, கணிதவியலாளர் லோரான் ஸ்வார்ட்ஸ் சொன்னது, அதாவது ஃபங்ஷன்ங்கறதையே விரிச்சு எடுத்துக்கிட்டது, வேற, தமிழ்ல ரெண்டையும் பரவல்னு எழுதிட்டா கேக்கவே வேணாம், அதனால ஸ்வார்ட்ஸோடத மட்டும் டிஸ்ட்ரிபியூஷன்னே வச்சுக்கிட்டோம்.

நமக்குப் புரிய வச்சது துகள் உதாரணம்தான். ஏகப்பட்ட துகள், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம பிரௌனியன் இயக்கத்துல அலையுது, எங்க எத்தன இருக்குன்னு எண்ணி, எதிர்பார்த்த எண்ணிக்கையக் கழிச்சு, மொத்தத்தோட வர்க்கமூலத்தால வகுத்துட்டு எண்ணிக்கைய ஏத்திக்கிட்டே போனா, கடைசில கிடைக்கிறதுக்கு ஒரு புள்ளில மதிப்புன்னு ஒண்ணு கிடையாது, வழவழப்பான டெஸ்ட் ஃபங்ஷன வச்சுப் பாத்தாதான் நம்பர் வரும். இத 1983ல ஜப்பான் கணிதவியலாளர் இட்டோ எழுதினாரு.

அதே 1983ல வந்த மிட்டோமா தேற்றத்துலதான் பாதி வருஷம் போச்சு, போனதுல எனக்கு வருத்தமே இல்ல. டெஸ்ட் ஃபங்ஷன ஒவ்வொண்ணா எடு, அதுக்குக் கிடைக்கிற சாதாரண நம்பர் ப்ராசஸ் டைட்டா இருக்கான்னு (நிகழ்தகவு எங்கயும் தப்பி ஓடாம கிட்டத்தட்ட முழுசா ஒரு கச்சிதமான கணத்துக்குள்ள அடங்குதான்னு) பாரு, எல்லாத்துக்கும் இருந்தா முழு ப்ராசஸும் டைட், அவ்ளோதான். ஹில்பர்ட் வெளிலயும் (நீளமும் கோணமும் அளக்க முடியுற வெளி) இப்டி செய்யலாமேன்னு ஒரு தம்பி கேட்டாரு, அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் எந்திரிக்கல. முடிவிலி பரிமாண ஹில்பர்ட் வெளில ஆர்த்தோநார்மல் வெக்டர்கள (நீளம் ஒண்ணு, ஒண்ணுக்கொண்ணு செங்குத்து) வரிசையா எடுத்தா, எந்தத் திசைல பாத்தாலும் பூஜ்யத்துக்குப் போகுது, ஆனா எந்த ரெண்டுக்கும் நடுவுல தூரம் ரூட் 2, நார்ம்ல, அதாவது தூரக் கணக்குல, குவியவே குவியாது, அதனால அங்க ஒவ்வொரு திசையா பாத்தா மட்டும் போதாது. ஸ்வார்ட்ஸ் வெளி, அதாவது நம்ம டெஸ்ட் ஃபங்ஷன் இருக்குற வெளி, நியூக்ளியர்ங்கற தனி வகைங்கறதாலதான் மிட்டோமா தேற்றத்துல தப்பிக்கிறோம். டைட்னெஸ் வந்தாலும் வேல முடியல, எடுத்துக்கிட்ட சில நேரங்களுக்கும் சில டெஸ்ட் ஃபங்ஷனுக்கும் சேத்து கூட்டுப் பரவல் குவியுதான்னு தனியாப் பாக்கணும், இத நாம அடிக்கடி மறந்தோம்.

வர்ற வருஷத்துக்கு என் யோசனை, நம்ம சென்னைல பொறந்து பிரசிடென்சில படிச்ச வரதன், குவோ, பாப்பனிகோலாவோட சேந்து 1988ல எழுதின ஹைட்ரோடைனமிக் லிமிட் (ஏகப்பட்ட சின்னச் சின்னதோட கூட்டு சராசரி கடைசில எப்டி நகருதுன்னு பாக்குறது) பேப்பர். இந்த வருஷம் பாத்தது ஏற்ற இறக்கம், அதுல வர்றது சராசரியோட கத, நியாயமா அததான் முன்னாடி படிச்சிருக்கணும்.

கணக்க பொருளாளர் அக்கா வாசிப்பாங்க. மிட்டோமா நிரூபணத்துல பேயர் (Baire, நிகழ்தகவுல வர்ற Bayes இல்ல) தேற்றம் வர்ற எடம் என் நோட்டுல பாதில நிக்குது, எழுதி முடிக்க யாராவது கூட வந்து உக்காருங்க.