எங்க தாலுகா வக்கீல் சங்கம் - 2025 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன், சீனியர்கள், ஜூனியர் தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். சந்தா, லைப்ரரி புக்கு, ஃபேன் மாத்தினது எல்லாம் பொருளாளர் கணக்குல வந்துரும், நான் நேரா விஷயத்துக்கு வரேன்.

இந்த வருஷம் நம்ம பார் ரூம்ல அதிகமா பேசினது இபி பத்திதான், அதாவது டிக்ரிய அமல்படுத்தச் சொல்லி போடுற நிறைவேற்று மனு. மார்ச் 6ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, நம்ம தமிழ்நாட்டு கேஸ்தான், 1980ல கிரய ஒப்பந்தம், 1986ல தாவா (சிவில் வழக்கு), டிக்ரி (கோர்ட்டோட தீர்ப்பாணை) வாங்கி மேல்கோர்ட் வரைக்கும் ஜெயிச்சும் சொத்து கைக்கு வரல. நாடு முழுக்க இருக்குற இபிய ஆறு மாசத்துல முடிக்கணும்னு அதுல சொன்னாங்க. அக்டோபர்ல கணக்கு வந்தப்போ 8,82,000க்கு மேல பெண்டிங், அதுல நம்ம மாநிலம் மட்டும் 86,000க்கு மேல. 1872லயே, அப்போ நமக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் எழுதி வச்சிருக்கு, இந்தியாவுல வழக்காடுறவனுக்கு கஷ்டம் ஆரம்பிக்கிறதே டிக்ரி வாங்கின பிறகுதான்னு. படிச்சப்போ எனக்கு மனசு ஆறவே இல்ல.

நம்ம வராண்டாவுல ஒரு அம்மா மஞ்சப்பையோட உக்காந்திருப்பாங்க, பாத்திருப்பீங்க. டிக்ரி காப்பி மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி வச்சிருக்காங்க. கோர்ட் உத்தரவ நேர்ல போய் நிறைவேத்துற அமீனா போனா வீடு பூட்டி இருக்கு, போலீஸ் பாதுகாப்பு கேட்டு மனு போட்டா அதுக்கு ஒரு வாய்தா (தள்ளி வைக்கிற தேதி), அது முடிஞ்சா எனக்கும் பாத்தியம் இருக்குன்னு சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் வந்து ஆட்சேபணை போடுறார், அதையும் தனி தாவா மாதிரி விசாரிக்கணும், நடுவுல ஜட்ஜ் டிரான்ஸ்ஃபர், இன்சார்ஜ் ஜட்ஜ் தேதி மட்டும் குடுப்பார். அந்த ஆட்சேபணைய எழுதித் தர்றதும் நம்மள்ல ஒருத்தர்தான், இத நான் வருத்தத்தோட சொல்றேன்.

வளர்ச்சியே இல்லன்னு சொல்ல வரல. 2004 ஜூலைல ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்ச் வந்ததுக்கு முன்னாடி கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் மனுவுக்கு மெட்ராஸ் வரைக்கும் ரயில் ஏறணும். இப்போ கேஸுக்குன்னு குடுக்குற சிஎன்ஆர் நம்பர் இருந்தா கட்சிக்காரரே போன்ல வாய்தா பாக்குறார். கோர்ட்டுகள கம்ப்யூட்டர்மயமாக்குற இ-கோர்ட்ஸ் திட்டத்தோட மூணாவது கட்டத்துக்கு 7,210 கோடி ஒதுக்கியிருக்காங்க, ஆனா இங்க ஒரு ஸ்கேனர், நெட் போனா இ-ஃபைலிங் அவ்வளவுதான், லிமிடேஷன் (கேஸ் போட சட்டம் வச்ச கெடு) முடியுற கடைசி நாள்ல குமாஸ்தாக்கள் படுற பாடு எனக்கு தெரியும். 2024 ஜூலைல புது கிரிமினல் சட்டம் வந்ததுல இருந்து கொலைக்கு இருந்த 302 இப்போ 103, மோசடிக்கு இருந்த 420 இப்போ 318, பழைய கேஸுக்கு பழைய சட்டம்னு ரெண்டு புக்கையும் தூக்கிட்டு அலையுறோம், அது பழகிரும்.

ஆள் இல்லாததுதான் பழக மாட்டேங்குது. 1987லயே லா கமிஷன் பத்து லட்சம் பேருக்கு 50 ஜட்ஜ் வேணும்னு சொல்லுச்சு, இன்னைக்கும் அதுல பாதிகூட எட்டல.

அதனால மூணு தீர்மானம் வைக்கிறேன். காலி போஸ்ட்டுக்கு ரெகுலர் ஜட்ஜ் கேட்டு ஹைகோர்ட்டுக்கு மனு, இன்னொரு அமீனா கேட்டு ஜில்லா ஜட்ஜுக்கு மனு, இபி மேட்டர்ல நம்ம மெம்பர் யாரும் காரணமில்லாம வாய்தா கேக்கக் கூடாது. மூணாவது தீர்மானத்துக்கு கை தூக்குறவங்க பேரை மினிட்ஸ்ல எழுதப் போறேன், முதல் பேரு என்னோடது.