லீக்ஸ் பாத்தியில் முட்டை

சீதா எலிய
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் பாலா,

முழங்கால் எப்படி? இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குப் பதுளைக்கு மாற்றம் கிடைத்துவிட்டது, சரசுவுக்கு இருமல் விட்டுவிட்டது. இத்தோடு சுகவிசாரிப்பு முடிந்தது. நான் எழுத உட்கார்ந்த விஷயமே வேறு.

வீட்டுப் பின்புறத்து மரத்தக்காளியில் ஒரு கொம்பு ஓணான் குடியேறியிருக்கிறது. சிரிக்காதே. ஹக்கல காட்டோரத்தில் நாம் கல்லெறிந்து திரிந்த காலத்தில் ஒன்றையாவது நின்று பார்த்தோமா? மூக்கு நுனியில் முன்னுக்கு நீட்டிய வெளிறிய கொம்பு. அதைத் தூக்கிக்கொண்டு அது முறைக்கும்போது அசல் நம் டிரில் சேர்தான், விசில் மட்டும்தான் இல்லை. பாசி படிந்த மரத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும். நான் இந்தப் பக்கம் போனால் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்து, மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டும். கொம்பு ஆணுக்குத்தான், பெட்டைக்கு இருந்தால் ஒரு முளையளவு. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த ஜாதி கிடையாது.

இதனால் வீட்டில் சண்டை. கோவாவுக்கு மருந்தடிக்க வேண்டும் என்று சரசு ஒற்றைக்காலில் நிற்கிறாள். புழு இலையின் அடியைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடி போல விட்டுவைக்கிறது. விரலால் தொட்டால் நெளிந்து ஒரு நூலில் தொங்கிவிடும். எத்தனையோ மருந்துக்குப் பழகிப்போன ஜாதி அது. அடித்தால் புழு பிழைத்துக்கொள்ளும், ஓணானுக்கு இரையாகும் மற்றப் பூச்சிகள்தான் சாகும் என்றேன். "ஓட்டைக் கோவாவை ஓணானுக்கே சமைத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்றிரவு எனக்கும் அதையேதான் சமைத்துப் போட்டாள்.

உருளைக்கிழங்கை முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டது. அட்டையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மழை பெய்தால் அது நம் வீட்டு ஆள்.

போன வாரம் ஒரு பெட்டை ஓணான் லீக்ஸ் பாத்திக்கு இறங்கியது. முன்கால்களால் மண்ணைக் கிளறி, நடுநடுவே நின்று சுற்றுமுற்றும் பார்த்து, முட்டையிட்டு மூடியது. மூடிய பிறகு அந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. இப்போது அந்தப் பக்கம் மண்வெட்டி போகக் கூடாதென்று நாலு குச்சி நட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, யாரைப் புதைத்தீர்கள் என்று பக்கத்து வீட்டுக் கிழவி கேட்கிறாள்.

மச்சான், இனிமேல் எழுதுவதுதான் என்னை உறங்கவிடாமல் செய்வது. பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் ஓணானைப் போனில் படம் பிடித்து, ஊர்ப் பெயரும் போட்டு நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறான். குழந்தை, பெருமைக்குச் செய்தது. இரண்டு நாள் கழித்து வேனில் ஒருவன் வந்தான். நல்ல சப்பாத்து, நல்ல பேச்சு. பூந்தோட்டம் பார்க்க வந்தவனாம். ரோஜாவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, முட்டை உண்டா என்று கேட்டான். போகும்போது, "ஐயா விரும்பினால் பேசி முடிக்கலாம்" என்றான். பேச ஒன்றுமில்லை என்று படலையைச் சாத்தினேன்.

வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்க இவற்றுக்கு ஆள் இருக்கிறதாம். நம் நாட்டுச் சட்டப்படி பிடிப்பதே குற்றம். 2019இல் ஜெனீவாவில் நடந்த, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் சைட்டிஸ் மாநாட்டிலும், காட்டில் பிடித்த ஒன்றைக்கூட வியாபாரத்துக்கு வெளியே அனுப்பக் கூடாதென்று முடிவாகியிருக்கிறது. சட்டமெல்லாம் சரி. வேலியோ பழைய தகரம், நாயோ வேன்காரனுக்கும் வாலாட்டியது.

உன் மருமகன் வனசீவராசிகள் திணைக்களத்தில்தானே இருக்கிறார்? வேன்காரன் மறுபடி வந்தால் இந்தப் பக்கத்தில் யாருக்கு அழைக்க வேண்டும், இரவிலும் போனை எடுப்பார்களா என்று கேட்டு எழுது. வேன் நம்பரை இத்துடன் தனித்துண்டில் வைத்திருக்கிறேன், அதையும் அவரிடம் கொடு. பையனை நான் திட்டவில்லை; படத்தை அழிக்கச் சொல்லியிருக்கிறேன், அழித்தானா என்று நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு வா. கோவா தருகிறேன், ஓட்டையோடு.

உன்,
ராமு