ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில்

நாகர்கோவில்,
செவ்வாய் இரவு

அன்புள்ள மக்கா,

பதில் போடவில்லை என்று திட்டாதே. சர்ஜரி போஸ்டிங். ஹவுஸ் சர்ஜன் என்றால் பாதி டாக்டர், பாதி எடுபிடி.

இரண்டு வாரமாக ஒரு சர்ஜன் மேடம் பின்னாலேயே சுற்றுகிறேன். 26 வாரப் பிரசவ லீவு முடிந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வீடு தக்கலையில், பிள்ளை மாமியாரிடம்.

நேற்று லேப்ராஸ்கோப்பில், வயிற்றில் சிறு துளை வழியே கேமரா விட்டு, பித்தப்பையை எடுத்தோம். கல் நிறைந்து, சுற்றிலும் ஒட்டிக் கிடந்தது. பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு தமனி; இந்த இரண்டும் மட்டும்தான் என்று கண்ணால் தெளிவாகப் பார்க்கும் வரை அவர் கிளிப் போட்டு வெட்டமாட்டார். கேமரா பிடித்த என் கை மரத்துப் போச்சு. இரண்டரை மணி நேரம். கவுனைக் கழற்றினால் உள்ளே பச்சைச் சட்டை நனைந்திருக்கிறது. வியர்வை என்று நினைத்தேன், மடச்சி. பால்.

உடை மாற்றும் அறைக் கதவுக்குக் கொண்டி கிடையாது. வெளியே முதுகைக் கொடுத்து நிற்பது என் டியூட்டி. எடுத்த பாலை பாட்டிலில் ஊற்றி, பிளாஸ்டர் துண்டில் நேரம் எழுதி ஒட்டி, தியேட்டர் ஃப்ரிட்ஜில் ஆம்பூல்களுக்குப் பக்கத்தில் வைப்பார். 24 மணி நேரம் தாங்கும். முதல் நாள் முறுமுறுத்த இன்சார்ஜ் சிஸ்டரே இப்போது 'மருந்தல்ல, தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். 50 பேர் வேலை பார்த்தாலே குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 2017 சட்டத் திருத்தத்திலிருந்தே விதி இருக்கிறது. இங்கே கொண்டிக்கே வழியில்லை!

"ரெண்டையும் எப்படி மேடம் சமாளிக்கீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். "எங்க சமாளிக்கேன்?" என்று போனை நீட்டினார். பிள்ளை முதல்முதலாக ஏத்தங்காய்மாவுக் குறுக்குக் கூழ் தின்கிற வீடியோ. ஆபரேஷன் நடக்கும்போது மாமியார் அனுப்பியது. நின்றபடியே மூன்று தடவை பார்த்துவிட்டு, அடுத்த கேஸுக்குக் கை கழுவப் போய்விட்டார்.

மேற்படிப்பு என்றால் அம்மா வழக்கம்போல, "பெண்பிள்ளைக்கு எதுக்கு சர்ஜரி, ஸ்கின் எடு" என்கிறாள். நம்ம ஊர் திருவிதாங்கூரோடு இருந்தபோதே, 1938இல், டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் சர்ஜன் ஜெனரல், அதாவது சுகாதாரத் துறைக்கே தலைவி, ஆனார், அவருக்கும் இரண்டு பிள்ளைகள் என்றேன். "அவங்க வீட்டுல எத்தன வேலைக்காரி?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் நுழைவுத் தேர்வில் ரேங்க் வந்தால் சர்ஜரிதான். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய் அல்லவா? வடசேரியில் இறங்கியதும் இரும்புக் கடையில் நல்ல கொண்டி ஒன்று வாங்கி வா. ஸ்க்ரூவும் சேர்த்து.

உன்,
பழைய பெஞ்சுக்காரி