அக்காக்களிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

பெரிய குடும்பங்களில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் நகர நினைவுகளை ஞாயிறு இணைப்பில் தொகுத்திருந்தீர்கள். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியவர்களில் பலர் கடைக்குட்டிகள் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. ஓர் அறையில் 3 பேருக்கு மேல் வசித்தாலே இடநெருக்கடி என்று ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஹாபிடாட் கணக்கிடுகிறது. எங்கள் அறையில் 9 பேர். அப்பாவுக்கு இரவு ஷிப்ட் என்றால் பகல் முழுவதும் நாங்கள் தெருவில்தான். அவர் தூங்க வேண்டுமே! எனக்கு அது விளையாட்டுக் காலம். மூத்த அக்காவோ அதே நாட்களைப் பற்றிக் கேட்டால், தெருக்குழாய் வரிசையையும் இடுப்பில் இருந்த தம்பியையும்தான் சொல்கிறார். ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அந்தத் தம்பி நான்தான்.

‘வறுமையிலும் மகிழ்ச்சி’ என்று எழுதுவது என்னைப் போன்றவர்களுக்குச் சுலபம். சரி, அது பொய்யும் இல்லை. பாதிக் கதை, அவ்வளவுதான். அடுத்த தொகுப்பில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இருவரிடம் கேளுங்கள்: கடைசிப் பிள்ளையிடமும் மூத்த பெண்ணிடமும். அக்காக்கள் பலருக்குக் கடிதம் எழுதிப் பழக்கமிருக்காது. நிருபர் யாராவது நேரில் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டால் நல்லது.

— ஒரு வாசகர்