பாட்டிலில் வந்த பித்தளை ஸ்க்ரூக்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி வீடு வந்து சேர மணி பதினொன்று. எத்தனை தடவை கழுவியும் கையில் கிரீஸ் போகவில்லை, தூக்கமும் வரவில்லை, உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நாம் புதுப்பித்துவரும் பழைய டிராம் தண்ணீரில் ஊறிப்போன அந்தப் புயல் இரவைப் பற்றியும், அதைக் காயவைத்துச் சரிசெய்த மூன்று வாரத்தைப் பற்றியும் திரும்ப எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் என்கூடத்தான் தண்ணீரில் நின்றீர்கள். மெல்பர்னில் ஓடிய பழைய வகையான நம்முடைய டபிள்யூ2 டிராம் நேற்று பிரேக் சோதனையில் தேறிவிட்டது.

தார்ப்பாயோடு ஓடி வந்த பக்கத்துத் தோட்டக்காரர், ஈரம் இழுக்கும் மெஷினைக் கேட்காமலே இறக்கிவிட்டுப் போன தம்பி, மெல்பர்னிலிருந்து மூன்று சனிக்கிழமையும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்த அக்காமார், சோதனைக்கான படிவங்களை விடிய விடிய நிரப்பிய தோழி, பேர் சொல்லாமல் பணம் போட்டவர்கள், ஒரு வார்த்தை முகம் சுளிக்காத என் மனைவி, எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

இப்போது அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, வரும் சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து இதை வரி வரியாகச் சொல்லிக் காட்டுவேன்.

இரண்டாவது வாரம், நாங்கள் மிகவும் சோர்ந்திருந்த நாள். ஊறிப்போன ஜன்னல் சட்டங்களைக் கழற்றிக் காயவைத்து, திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தோம். வேகமாக முடிய வேண்டும் என்று டிரில்லில் எவர்சில்வர் ஸ்டார் ஸ்க்ரூவாக இறக்கிக்கொண்டே போனேன். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் கோலூன்றி உள்ளே வந்தார். இளமையில் மெல்பர்ன் டிராம்களைக் கட்டிய பிரெஸ்டன் பணிமனையில் தச்சு வேலை பார்த்தவராம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கோட்டுப் பையிலிருந்து பழைய ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். உள்ளே முழுக்கப் பித்தளை ஸ்க்ரூ, தலையில் ஒற்றைக் கோடு போட்ட பழைய வகை, எண்ணெயில் ஊறி மங்கலாக மின்னிக்கொண்டிருந்தன. இத்தனை வருடமும் வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்தாராம்.

ஒரு ஸ்க்ரூவை எடுத்துக் கையாலேயே முறுக்கினார். கடைசிச் சுற்றில் நிறுத்தி, கோடு நேர் செங்குத்தாக நிற்கும்படி ஒரு மயிரிழை திருப்பினார். கோடு படுக்கையாக இருந்தால் மழைத்தண்ணீரும் தூசியும் அதில் தங்கும், செங்குத்தாக இருந்தால் வழிந்து போய்விடும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அதுவரை போட்டிருந்த எல்லா ஸ்க்ரூவையும் கழற்றினேன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. நான் மாற்றிய விளக்குகளைப் பார்த்து இவர் வருத்தப்படுவாரோ என்று. பழைய வண்டியில் 600 வோல்ட் டிசி நேராக வரும், 5 பல்பைத் தொடராகக் கோத்திருப்பார்கள், ஒன்று போனால் அந்த வரிசையே இருட்டு. இப்போது அதே கண்ணாடிக் கூண்டுக்குள் 24 வோல்ட் எல்இடி, அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சம் வரும்வரை நாலு வகை மாற்றிப் பார்த்துப் போட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். 1923-இல் ஓடத் தொடங்கிய முதல் டபிள்யூ வண்டிகளையே சில வருடத்தில் டபிள்யூ2 ஆக மாற்றவில்லையா, கதவே இல்லாத நடுப்பகுதிக்குப் பிறகு கதவு வைக்கவில்லையா, மாற்றாமல் இருந்திருந்தால் இந்த வண்டி என்றைக்கோ உடைப்புக்குப் போயிருக்கும் என்றார். பிரேக் நன்றாக இருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், ஆனால் ஆள் கை வைக்கிற இடத்தில் மரமும் பித்தளையும் இருக்கட்டும் என்றார்.

இந்த வேலையில் இறங்கி இத்தனை வருடமாகியும் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மெல்பர்ன் நகரைச் சுற்றி 35-ஆம் தடத்தில் ஓடும் டபிள்யூ8 என்ற புதுப்பித்த பழைய வண்டிகளில் ஏறும்போதெல்லாம் இதை உணர்ந்திருக்கிறேன். அவை பெண்டிகோ ஊர்ப் பட்டறையில் புதுப்பித்தவை, பிரேக் இந்தக் காலத்தது, உள்ளே உட்கார்ந்தால் பழைய டிராமேதான். ஆனால் அதை எனக்கு வார்த்தையில் சொல்லத் தெரிந்ததில்லை.

என் தாத்தா சென்னை டிராமில் போய் வந்தவர். 1895-இல் ஓடத் தொடங்கி 1953-இல் நின்றுபோன அந்த வண்டிகளைப் பற்றி அவர் சொன்ன கதைகள்தான் என்னிடம் இருக்கின்றன. அவற்றின் ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியபோது தாத்தாவின் ஞாபகம் வந்து பேச்சு அடைத்துக்கொண்டது, அன்று பெரியவருக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனி இந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், எங்கே இருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, பத்திரமாக அடுக்கி வைப்பேன். எனக்குப் பின்னால் வருகிறவர் வேண்டுமென்றால் திரும்பப் பூட்டிக்கொள்ளட்டும்.

ஐயா, இடது பக்கம் இன்னும் ஆறு ஜன்னல் பாக்கி. பாட்டிலில் பாதி இருக்கிறது. சனிக்கிழமை காலை நானே வந்து உங்களைக் காரில் அழைத்து வருகிறேன்.