பறை காய்ச்ச ஒரு மூலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பைத் தமிழ்க் கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'உணர்ச்சி', 'வறுமை' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பறை அடிப்பவரின் வாழ்க்கை அனுபவம் அவர் விரல் நுனியில் இருக்கிறது. மூன்று வேப்பங்கட்டைத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி இரும்புத் தகட்டால் இணைத்தால் பறையின் வட்டச் சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் கன்றுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். தாராவித் தோல் கூடங்களில் உழைத்த கைகளுக்கு, தோலில் எந்த இடம் தடிமன், எந்த இடம் இழுபடும் என்பது தடவினாலே தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்க் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தோல் தொய்ந்துவிடும். சிண்டுக்குச்சி என்ற மெல்லிய நீளக் குச்சி பட்டால் கணீரென்று எழ வேண்டிய ஓசை 'தொப்' என்று விழும். தோல் மறுபடி இறுக, வைக்கோலோ பழைய காகிதமோ கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பி அனல் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் தோல் சுருங்கிக் கிழியும், விளிம்பில் பசையும் விட்டுவிடும். ஆட்டத்தின் நடுவே ஓசை இறங்கினால் மறுபடியும் காய்ச்ச வேண்டும்.

விழா நடத்துகிறவர்கள் பலர் தீ மூட்டக் கூடாது என்று சொல்லி நேராக மேடையேற்றுகிறார்கள். பிளாஸ்டிக் தோல் போட்ட பறையே போதும் என்கிறார்கள். அதில் சாவுக்கான தாளத்துக்கும் சாமிக்கான தாளத்துக்கும் உள்ள வித்தியாசமே மங்கிப்போகிறது. மேடைக்குப் பின்னால் திறந்தவெளியில் ஒரு மூலை, ஒரு வாளி மணல், இருபது நிமிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பறை இசைக் கலைஞர்கள்,
தாராவி, மும்பை.