சிட்னி தற்காலிக வீடு: பாண்ட் தொகையையும் சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
திருச்சி வாடிக்கையாளர் (தற்போது டூங்காபி, நியூ சவுத் வேல்ஸ்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை அலுவலகம்

பொருள்: ஓய்வுபெற்றுக் குடியேறுவோருக்கான தற்காலிக வீட்டுத் திட்டத்தில் நடந்த சேவைக் குறைபாடு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். புகார் கடிதங்களை வாங்கித்தான் எனக்குப் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. போனில் சொல்லிப் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் சொல்லிப் பார்த்தேன், இரண்டிலும் 'டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது சார்' என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன்.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. உங்கள் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து நானும் என் மனைவியும் விவரமாகச் சொன்னோம். சப்கிளாஸ் 143 என்கிற பெற்றோர் விசா. வருடக்கணக்கில் வரிசையில் காத்திருந்து, கடைசித் தவணையாக ஆளுக்கு 43,600 ஆஸ்திரேலிய டாலர் கட்டி வாங்கியது. எங்களுக்காகப் பத்து வருடம் பொறுப்பேற்பதாக மகள் ஆஸ்திரேலிய அரசிடம் உறுதி கொடுத்திருக்கிறாள். திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு, பாத்திரம் பண்டம், கிரைண்டர், சாமி விளக்கு எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். இரண்டு மாதம் பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கதை இல்லை இது. மகளின் வெஸ்ட்மீட் வீட்டில் இரண்டே படுக்கையறை, அதில் ஏற்கெனவே நாலு பேர். அதனால்தான் நாங்களாக வீடு பார்க்கும்வரை தங்க ஓர் இடம் வேண்டும் என்று உங்களிடம் வந்தோம்.

உங்கள் விளம்பரத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஓய்வுக்காலத்தில் குடியேறும் பெற்றோருக்கென்றே வடிவமைத்த திட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். அதில் மூன்று வாக்குறுதிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்ற வீடு, தமிழ்ச் சமையலுக்கு வசதியான சமையலறை, அடுத்த வீடு எடுக்கத் தேவையான ஆவண உதவி. இந்தச் சேவைக்கென்று ஜிஎஸ்டி சேர்த்து 1,00,300 ரூபாய் சென்னையிலேயே வாங்கிக்கொண்டீர்கள். வாரம் 720 டாலர் வாடகையும், பாண்ட் தொகை என்கிற, காலி செய்யும்போது திரும்பத் தர வேண்டிய முன்பணமாக ஆறு வார வாடகையான 4,320 டாலரும் தனி.

முதலில் படிக்கட்டு. என் மனைவிக்கு ஒரு முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தரைத்தளம் அல்லது லிஃப்ட் என்று உங்கள் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தோம். கிடைத்தது வென்ட்வொர்த்வில்லில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடி. இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைய உண்டு. அறுபது, எழுபதுகளில் கட்டியவை, மூன்று அடுக்கு, லிஃப்ட் கிடையாது. சிட்னியில் வீடு பிடித்துத் தருவதைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் கொடுத்திருக்கிறீர்கள். என் மனைவி ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டாள். பக்கத்திலேயே தமிழ்க் கடை, ரயிலடி, கொஞ்ச தூரத்தில் மேஸ் ஹில் முருகன் கோவில், எல்லாம் இருந்தும் அவளுக்கு ஜன்னல்தான் கதி என்று ஆனது. ஜூலை மாதக் குளிருக்கு வீட்டில் ஒரே ஒரு நகர்த்தும் ஹீட்டர். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லப்போவதில்லை, கம்பளி வாங்கிச் சமாளித்துக்கொண்டோம்.

சமாளிக்க முடியாமல் போனது தபால்பெட்டி. சிரிக்காமல் படியுங்கள். இந்த நாட்டில் புதிதாக வருபவர்களுக்கு முக்கியமானவை பலவும் தபாலில்தான் வருகின்றன. மெடிகேர் என்கிற அரசு மருத்துவ வசதிக்கான அட்டை, வங்கி அட்டை, வரி எண் கடிதம் எல்லாம் அப்படித்தான். வரி எண்ணுக்கு விண்ணப்பித்தால் 28 நாள்வரை ஆகலாம் என்று வரித்துறையே சொல்கிறது. கட்டடத்தின் வாசலில் வரிசையாகப் பூட்டு போட்ட பெட்டிகள். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் சாவி தரப்படவில்லை. உரிமையாளர் பிரிஸ்பேனில் இருக்கிறார், அவரிடம் கேட்டிருக்கிறோம் என்றார் உங்கள் சிட்னி பொறுப்பாளர். பெட்டியின் துளை வழியாகப் பார்த்தால் அரசாங்க உறை தெரிகிறது, அதில் என் பெயரின் முதல் பாதியும் தெரிகிறது, கை நுழையவில்லை. வரி எண் கடிதம் அடுத்தவர் கையில் கிடைத்தால் அதை வைத்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்று என் மருமகன் விளக்கியதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கடைசியில் வரித்துறைக்கும் வங்கிக்கும் போன் செய்து எல்லாவற்றையும் மறுபடி மகள் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் அலுவலகத் தம்பி ஒருவர், 'முதலிலேயே மகள் முகவரியைக் கொடுத்திருக்கலாமே சார்' என்று யோசனை சொன்னார். அப்படியென்றால் வாரம் 720 டாலர் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே வாடகைக்கு வீடு எடுப்பது நம் ஊர் மாதிரி புரோக்கரைப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, சாவி வாங்கும் வேலை இல்லை. சனிக்கிழமை கால் மணி நேரம் வீட்டைத் திறந்து காட்டுவார்கள், பெரும் கூட்டம் வரிசையில் நிற்கும். அப்புறம் ஆன்லைனில் விண்ணப்பம். அதில் தற்போதைய முகவரி எது, வாடகை எவ்வளவு, ஏஜென்ட் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்று கேட்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாத, உள்ளூர் வாடகை வரலாறு இல்லாத, பென்ஷன் இந்திய ரூபாயில் வருகிற இரண்டு வயதானவர்கள் அந்த விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது? ஒழுங்காக வாடகை கட்டினார்கள், வீட்டை நன்றாக வைத்திருந்தார்கள் என்று தற்போதைய ஏஜென்ட் சொல்கிற ஒரு வார்த்தைதான் எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம். அதைத்தான் 'ஆவண உதவி' என்ற பெயரில் எங்களுக்கு விற்றீர்கள்.

நாங்கள் ஒரு வாரம்கூட வாடகை தவறவில்லை. பெண்டில் ஹில்லில் ஒரு வீடு, தரைத்தளம், கோவில் பக்கம், எங்களுக்கென்றே கட்டின மாதிரி இருந்தது. அந்த ஏஜென்ட் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு உங்கள் சிட்னி பொறுப்பாளருக்கு போன் செய்திருக்கிறார். கிடைத்த பதிலை அவரே எங்களிடம் சொன்னார். 'அவர்கள் விடுமுறைக்கு வந்த விருந்தினர்கள், நாங்கள் வாடகைதாரர் ரெஃபரன்ஸ் கொடுப்பதில்லை.' வீடு வேறொருவருக்குப் போனது. அதற்கப்புறம் நாங்கள் போட்ட விண்ணப்பங்களுக்கும் அதே கதிதான்.

அன்றைக்குத்தான் உங்கள் ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தை மகளை வைத்துப் படித்தேன். 'விடுமுறைக் காலத் தங்கல்' என்று போட்டிருக்கிறது. காலம் 12 வாரம். சென்னையில் நாங்கள் கேட்டது நாலு மாதம் என்பதை நினைவூட்டுகிறேன். '12 வாரம் போடுவோம் சார், அப்புறம் நீட்டிக்கலாம்' என்று சொன்னது நீங்கள். அது ஏன் 12 வாரம் என்று இப்போது புரிகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2010-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம், விடுமுறைக்காக மூன்று மாதத்துக்கு மேற்படாமல் தங்குகிற ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. மற்ற வாடகைதாரர்களுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு பெரியது. பாண்ட் தொகை நாலு வார வாடகையைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தை வீட்டுக்காரரோ ஏஜென்ட்டோ கையில் வைத்துக்கொள்ள முடியாது, அரசின் ஃபேர் டிரேடிங் அமைப்பிடம் கட்ட வேண்டும். தகராறு வந்தால் என்கேட் (NCAT) என்கிற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீங்கள் எங்களை விடுமுறைக்காரர்கள் ஆக்கியதால் ஆறு வாரம் வாங்க முடிந்தது, அந்தப் பணத்தை உங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

நிரந்தர விசாவோடு, வீட்டைக் காலி செய்துவிட்டு, கப்பலில் சாமான் வந்துகொண்டிருக்கிற எழுபதை நெருங்கும் தம்பதியை எந்த நியாயத்தில் விடுமுறைக்கு வந்தவர்கள் என்று சொல்வீர்கள்? எங்கள் விசா நகல், கப்பல் நிறுவனத்தின் ரசீது, திரும்பும் பயணம் இல்லாத விமான டிக்கெட் எல்லாம் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே உங்கள் கோப்பில் இருந்தன. விளம்பரத்தில் குடியேறுபவர்கள், தாளில் சுற்றுலாப் பயணிகள். பணம் வாங்கும்போது ஒன்று, பொறுப்பு வரும்போது இன்னொன்று.

இதன் விளைவு எங்களோடு நிற்கவில்லை. கடைசியில் டூங்காபியில் இந்த வீடு கிடைத்தது, மகளும் குத்தகையில் சேர்ந்து கையெழுத்து போட்டதால். தன் வீட்டு வாடகையோடு எங்கள் வீட்டுக்கும் அவள் சட்டப்படி பொறுப்பு. பெற்றோர் தனியாக நிற்க வேண்டும் என்றுதானே தற்காலிக வீட்டுக்கே போனோம்! கப்பலில் வந்த சாமான்களும் முகவரி முடிவாகாததால் கிடங்கில் கிடந்தன. சுங்கச் சோதனையும் தாவர நோய்த் தடுப்புச் சோதனையும் முடிந்த பிறகும் நாங்கள் கிடங்கு வாடகை கட்டினோம். (நார்த் துடைப்பத்தை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். அது உங்கள் குற்றமில்லை.)

வீட்டைக் காலி செய்த பின் நீங்கள் அனுப்பிய கணக்கு இன்னொரு கூத்து. மசாலா வாசனை நீக்கச் சுத்தம் செய்ததற்கு 680 டாலர். கூடுதல் மின்சாரத்துக்கு 350 டாலர். தொலைத்த தபால்பெட்டிச் சாவிக்கு 120 டாலர். மொத்தம் 1,150 டாலர் பிடித்தம், மீதி 3,170 டாலர் 'செயலாக்கத்தில்' இருக்கிறதாம்.

தமிழ்ச் சமையலுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்த சமையலறையில் அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சி கூட இல்லை. சாம்பார் வைத்தால் சாம்பார் வாசனைதான் வரும். மின்சாரத்துக்கு வருகிறேன். வாடகையில் மின்சாரம் அடக்கம் என்று உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கிறது, அளவு எதுவும் குறிப்பிடவில்லை. மின்வாரியத்துக்காரனிடம் மீட்டர் அளவு காட்டாமல் பில் போடுகிற துணிச்சலைப் பாராட்டுகிறேன். தராத சாவியை நான் எப்படித் தொலைத்தேன் என்பதை மட்டும் நீங்களே எழுத்தில் விளக்குங்கள். சாவி கேட்டு நான் அனுப்பிய செய்திகளும், 'வந்ததும் தருகிறோம்' என்ற உங்கள் பதில்களும் தேதியோடு என்னிடம் இருக்கின்றன.

நான் கேட்பது இவைதான். பாண்ட் தொகை 4,320 டாலரையும் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். சொன்ன சேவையைச் செய்யாததால் 1,00,300 ரூபாய் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். நாங்கள் அந்த வீட்டில் குடியிருந்த காலம், கட்டிய வாடகை, ஒருமுறைகூடத் தவறாதது ஆகியவற்றைக் குறிப்பிட்டு முறையான கடிதம் ஒன்று தர வேண்டும். அது அடுத்த முறை வீடு மாற்றும்போதாவது மகளின் கையெழுத்து இல்லாமல் எங்களை நிற்க வைக்கும். கிடங்கு வாடகையை நான் கேட்கவில்லை, கப்பல் தாமதமும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், ஒப்பந்தம் விடுமுறைக்கானதா, குடியிருப்புக்கானதா என்பதை முடிவு செய்யச் சொல்லி என்கேட் தீர்ப்பாயத்தில் இங்கே மனு கொடுப்பேன். கட்டணம் ரூபாயில் சென்னையில் வாங்கப்பட்டதால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் தவறான விளம்பரம் பற்றி வழக்கு போடுவேன். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் இதற்காக நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை. ஓய்வுபெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

பேச விரும்பினால் சிட்னி நேரப்படி காலை பத்து மணிக்கு மேல், உங்கள் மேலாளர் யாராவது நேரடியாகக் கூப்பிடலாம். வாட்ஸ்அப் குழுவில் பதில் போட வேண்டாம். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு விவரத்தை உங்கள் கோப்பில் உள்ள என் மின்னஞ்சலிலிருந்து தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்